தனிச்சுற்றுக்கு மட்டும்

ஆரியசாலைப் பையனுக்குச் சர்வதேசச் சட்டம் எதற்கு என்று நான் சட்டக் கல்லூரியில் படித்த நாளில் கேட்காதவர்கள் குறைவு. கேட்டவர்கள் பக்கம் நியாயமும் இருந்தது. திருவனந்தபுரத்தில் சாலைக் கம்போளம் முடிந்து கிள்ளிப்பாலம் தொடங்குவதற்குள் இருக்கிற இடம் எங்களுடையது. அரிசி, வெல்லம், வற்றல், பாத்திரம், கயிறு. சட்டம் படித்த பையனிடம் அங்கே எதிர்பார்க்கப்பட்டவை கடை வாடகை வழக்கு, விற்பனை வரி மேல்முறையீடு, அண்ணன் தம்பிக்குள் பாகப்பிரிவினை. இதில் தி ஹேக் நகரத்துச் சர்வதேச நீதிமன்றம் எங்கே வருகிறது?

இருந்தும் 1984-ல் நாங்கள் சிலர் சேர்ந்து சர்வதேசச் சட்டத்துக்கென்றே ஓர் ஆய்விதழ் தொடங்கினோம். மாணவர்களே எழுதி, மாணவர்களே திருத்தி, மாணவர்களே தட்டச்சு செய்து, மாணவர்களே தபால்தலை ஒட்டி அனுப்புகிற இதழ். மாணவர்களே வாசித்தார்கள் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

யோசனை எங்களுடையதல்ல. அமெரிக்காவில் ஒரு விநோத வழக்கம் உண்டு. மருத்துவ இதழுக்கு மருத்துவர்களும் இயற்பியல் இதழுக்கு இயற்பியலாளர்களும் கட்டுரை தேர்ந்தெடுக்கும்போது, சட்டத்தில் மட்டும் பேராசிரியர் எழுதியதை வகுப்பில் அவர் முன்னால் உட்கார்ந்திருக்கிற பையன் தேர்ந்தெடுக்கிறான். ஹார்வர்டில் 1887-ல் வேர்பிடித்த பழக்கம் இது. 1959-ல் அங்கே சர்வதேசச் சட்டக் கழகத்து மாணவர்கள் ஒரு மடல் தொடங்கினார்கள். அதுதான் வளர்ந்து இன்றைய ஹார்வர்ட் சர்வதேசச் சட்ட இதழ் ஆனது. அடுத்த வருடமே வர்ஜீனியா பல்கலைக்கழக மாணவர்களும் ஒன்று தொடங்கினார்கள். பேராசிரியர் எழுதியதைத் திருப்பி அனுப்பலாம் என்கிற ஒரு சேதியே எங்களுக்குப் போதுமானதாக இருந்தது. எங்களுக்கு எந்தப் பேராசிரியரும் எழுதி அனுப்பவில்லை, அது வேறு விஷயம்.

ஊருக்கும் இதில் கொஞ்சம் பாத்தியதை இருப்பதாகத்தான் நாங்கள் நினைத்தோம். டெல்லியில் இந்திய சர்வதேசச் சட்டச் சங்கம் 1959-ல் உருவானபோது முன்னால் நின்றவர் வி.கே. கிருஷ்ண மேனன். அதன் இதழ் 1960-லிருந்து வருகிறது. அதே மேனன் 1971-ல் இடதுசாரிகள் ஆதரவோடு சுயேச்சையாக நின்று ஜெயித்தது எங்கள் திருவனந்தபுரம் தொகுதியில். நான் அப்போது டிரவுசர் போட்ட பையன். அவர் ஐ.நா. சபையில் மணிக்கணக்காகப் பேசியவர் என்பதைத் தெருவில் பெரியவர்கள் சொல்லும்போது அதில் பெருமை பாதி, பயம் பாதி இருக்கும். ஓட்டுக் கேட்க வந்த இடத்திலும் அப்படிப் பேசிவிட்டால் கடையை எப்போது திறப்பது?

சென்னையிலும் ஒரு முன்னோடி இருந்தது. போலந்துக்காரரான சார்லஸ் அலெக்சாண்ட்ரோவிச் 1951-ல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குப் பேராசிரியராக வந்து, அடுத்த ஆண்டே சர்வதேச விவகாரங்களுக்கான இந்திய ஆண்டு மலரைத் தொடங்கினார். அதன் பழைய தொகுதிகள் சில பல்கலைக்கழக நூலகத்தின் அடித்தட்டில் தூசியோடு கிடந்தன. ஆசியாவின் அரசர்கள் ஐரோப்பியரோடு சரிசமமான இறையாண்மையோடுதான் ஒப்பந்தம் போட்டார்கள், பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சட்ட நூல்கள்தான் அவர்களை வாசலுக்கு வெளியே நிறுத்தின என்பது அவருடைய வாதம். மார்த்தாண்ட வர்மா டச்சுக்காரர்களோடு 1753-ல் மாவேலிக்கரையில் செய்துகொண்ட உடன்படிக்கையை நாங்கள் பள்ளிக்கூடத்தில் தேதிக்காக மனப்பாடம் செய்தவர்கள். அது சர்வதேசச் சட்டம் என்று சொல்ல லிவிவ் நகரத்தில் பிறந்த ஒருவர் வர வேண்டியிருந்தது.

இதழின் அலுவலகம் ஒரு மிளகாய் வற்றல் மண்டியின் மச்சு. எங்களில் ஒருவனுடைய அப்பாதான் முதலாளி, தெருவுக்கே அண்ணாச்சி. அவர் கீழே பேரேடு பார்ப்பார். மேலே மூட்டைகளுக்கு நடுவே ஒரு மேசை, ஒரு பழைய ரெமிங்டன். ஸ்டென்சில் அடித்தவர்களுக்குத் தெரியும்: ரிப்பனை விலக்கி வைத்துவிட்டு அடிக்க வேண்டும், எழுத்தின் விளிம்பு மெழுகை அறுத்து வழிவிட வேண்டும். மெதுவாகத் தட்டினால் எழுத்தே விழாது. ஓங்கித் தட்டினால் ஆங்கில ‘ஓ’வின் வயிறு வட்டமாகக் கழன்று விழுந்து, பிரதியில் கரும்பொட்டாக நிற்கும். சர்வதேசச் சட்டத்தில் ‘ஓ’ வராத வாக்கியம் எழுதுவது கஷ்டம். பிழை திருத்த இளஞ்சிவப்பாக ஒரு திரவம் வரும், நகச்சாயத்தின் வாசனையோடு. பூசி, ஊதிக் காயவைத்து, அதே இடத்தில் சரியாக மறுபடி அடிக்க வேண்டும். கீழே லாரியிலிருந்து வற்றல் இறங்குகிற நாளில் ஊதுவதற்குப் பதில் தும்மல் வரும். ஐ.நா. சாசனத்தின் 51-ஆவது பிரிவு, அதுதான் தற்காப்புரிமை, எங்கள் முதல் இதழில் கொஞ்சம் சாய்ந்தே இருக்கும். அதை அடித்தவன் அன்றைக்குத் தற்காத்துக்கொள்ள முடியாத நிலையில் இருந்தான்.

அடித்த ஸ்டென்சிலைச் சுருட்டாமல் அட்டையில் வைத்து ஸ்டாச்சு பக்கத்துத் தட்டச்சு நிலையத்துக்கு எடுத்துப்போனால், அங்கே கெஸ்டெட்னர் நகல் பொறியில் உருட்டித் தருவார்கள். மை உறிஞ்சுகிற சொரசொரப்பான தாள். பின்பக்கத்து எழுத்து முன்பக்கம் எட்டிப்பார்க்கும். எதிர்த்தரப்பு வாதத்தையும் ஒரே சமயத்தில் வாசிக்கலாம் என்று எங்களில் ஒருவன் சமாதானம் சொன்னான்.

ஆதார நூல்தான் பெரும்பாடு. 1829-ல் தொடங்கிய பொது நூலகம் இருந்தது, பல்கலைக்கழக நூலகம் இருந்தது, பிரிட்டிஷ் கவுன்சில் நூலகமும் அப்போது இருந்தது. இருந்தும் நாங்கள் தேடிய புத்தகம் எப்போதும் ‘பைண்டிங்குக்குப் போயிருக்கும்’. ஆகவே எங்கள் அடிக்குறிப்புகளில் பாதி ‘இன்னார் நூலில் எடுத்துக்காட்டப்பட்டது’ என்றுதான் முடியும். மூல நூல் எங்கள் ஊருக்கு வரவில்லை. வந்ததாகப் பாவனை பண்ணவும் இல்லை. இந்த நேர்மைக்கு வறுமை காரணமே தவிர ஒழுக்கம் அல்ல என்றாலும், நேர்மை நேர்மைதானே.

அட்டையில் இதழின் பெயருக்குக் கீழே, பெயரைவிடக் கொஞ்சம் பெரிதாகவே, ‘தனிச்சுற்றுக்கு மட்டும்’ என்று போட்டோம். 1867-ஆம் வருடத்து அச்சகங்கள், புத்தகங்கள் பதிவுச் சட்டப்படி ஒரு பத்திரிகை நடத்துகிறவர் அப்போது மாஜிஸ்திரேட் முன்னால் உறுதிமொழி கொடுக்க வேண்டியிருந்தது, பெயரைப் பதிவு செய்ய வேண்டியிருந்தது. தமிழ்ச் சிற்றிதழ்காரர்கள் அந்தத் தொல்லையிலிருந்து தப்பக் கண்டுபிடித்த மந்திரம் இந்தத் தொடர். சட்ட மாணவர்கள் நாங்களும் சட்டத்தைத் தாண்டாமல் சுற்றிப்போக அதையே பிடித்துக்கொண்டோம். நாடுகளுக்கிடையேயான சட்டத்தைப் பேசுகிற இதழ், தனிச்சுற்றுக்கு மட்டும்.

இப்படியெல்லாம் செய்வதற்கு அந்தத் தெருவில் தைரியம் எங்கிருந்து வந்தது என்று யோசித்தால், ஒரு காரணம் பக்கத்திலேயே இருந்தது. ஆ. மாதவன் பாத்திரக் கடையின் கல்லாவில் உட்கார்ந்துகொண்டே சாலைத் தெருவைக் கதைகளாக எழுதிக்கொண்டிருந்தார். சாகித்ய அகாதெமி விருது 2015-ல்தான் அவருக்கு வந்தது. நாங்கள் பார்த்த நாளில் குடம் கேட்டு வந்தவருக்குக் குடம் எடுத்துக் கொடுத்துவிட்டு மறுபடி உட்காருகிற மனிதர். கல்லாவுக்குப் பின்னால் இலக்கியம் நடக்குமானால் மூட்டைக்கு மேலே சர்வதேசச் சட்டம் நடக்கக் கூடாதா?

என்ன எழுதினோம்? முதல் இதழின் முதல் கட்டுரை காந்தளூர்ச் சாலை பற்றியது. ராஜராஜ சோழனின் மெய்க்கீர்த்தியில் முதல் வெற்றியாகச் சொல்லப்படுகிற இடம். அது எங்கள் பக்கத்து வலியசாலைதான் என்று பலர் கருதுகிறார்கள். அங்கே அவன் செய்தது சேரரின் கப்பல்களை அழித்ததா, சாலையில் தங்கிப் படித்த மாணவர்களின் சாப்பாட்டை நிறுத்தியதா என்பதில் ஆய்வாளர்கள் ஆயிரம் வருடம் கழித்தும் ஒத்துப்போகவில்லை. எங்கள் நண்பன் கடற்போர்ச் சட்டப்படி அதை அலசினான். விடுதியில் தங்கியிருந்த இன்னொருவன், இரண்டாவது விளக்கம் உண்மையானால் அது ஆக்கிரமிப்பைவிடப் பெரிய குற்றம் என்று மறுப்பு எழுதினான். இன்றைக்கும் எனக்குப் பிடித்த விவாதம் அதுதான்.

இரண்டாவது இதழில் திருவிதாங்கூர். 1947 ஜூன் 11-ஆம் தேதி திவான் சர் சி.பி. ராமசாமி ஐயர், பிரிட்டிஷார் போனதும் திருவிதாங்கூர் தனிநாடாக இருக்கும் என்று அறிவித்தார். ஜூலை 25-ஆம் தேதி அவரை வெட்டினார்கள். அந்த மாதம் முடிவதற்குள் சமஸ்தானம் இந்தியாவோடு சேரச் சம்மதித்துவிட்டது. ஒரு நாடு நாடாவதற்கு 1933-ஆம் வருடத்து மான்டெவிடேயோ உடன்படிக்கை நான்கு தகுதிகள் சொல்கிறது: மக்கள், நிலம், அரசாங்கம், பிற நாடுகளோடு உறவு வைக்கும் திறன். நான்கும் திருவிதாங்கூருக்கு இருந்தனவா என்று பக்கம் பக்கமாக எழுதி, அண்ணாச்சியிடம் வாசித்தும் காட்டினோம். அவர் பேரேட்டை மூடாமலே கேட்டுவிட்டுச் சொன்னார்:

“எல்லாம் சரி மக்கா. விருதுநகர் வத்தலுக்கு ஆரல்வாய்மொழியில சுங்கம் போட்டிருப்பான்லா? அதை எழுதினியா?”

எழுதவில்லை. அடுத்த இதழில் சேர்த்தோம், அவர் பெயரைப் போடாமல்.

நான் எடுத்துக்கொண்டது கடல். 1982 டிசம்பரில்தான் ஜமைக்காவின் மான்டேகோ பேயில் கடல் சட்ட உடன்படிக்கை கையெழுத்தாகியிருந்தது. கரையிலிருந்து 12 நாட்டிகல் மைல் ஆட்சிக்கடல், 24 வரை ஒட்டுமண்டலம், 200 வரை தனிப் பொருளாதார மண்டலம். இந்தியா 1976-லேயே தன் சட்டத்தில் இந்த எல்லைகளை எழுதிக்கொண்டுவிட்டது. கப்பலுக்கும் அது பறக்கவிடும் கொடிக்கும் உண்மையான பிணைப்பு இருக்க வேண்டும் என்று உடன்படிக்கை சொல்கிறது. லைபீரியா, பனாமா கொடிகளோடு உலகம் சுற்றுகிற கப்பல்களில் எத்தனைக்கு அந்தப் பிணைப்பு இருக்கிறது என்பது என் கேள்வி. சங்குமுகத்துக் கடற்கரையில் நிலக்கடலை தின்றதைத் தவிரக் கடலோடு எனக்கும் பிணைப்பு கிடையாது.

1983 ஜூலைக்குப் பிறகு இலங்கையிலிருந்து ராமேஸ்வரத்துக்கு வந்துகொண்டிருந்த அகதிகளைப் பற்றியும் ஒரு கட்டுரை வந்தது. 1951-ஆம் வருடத்து அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா சேரவில்லை, இன்றுவரை சேரவில்லை. எங்கள் இதழில் தும்மல் இல்லாமல் அடிக்கப்பட்ட கட்டுரை அது ஒன்றுதான். எழுதியவனின் அத்தை குடும்பம் திரிகோணமலையிலிருந்தது.

பிரதிகளை இங்குமங்கும் அனுப்பினோம். தி ஹேக் நகரத்து நூலகம் ஒன்றிலிருந்து, பெற்றுக்கொண்டோம் என்று அச்சடித்த ஓர் அட்டை கப்பல் தபாலில் மாதங்கள் கழித்து வந்தது. அண்ணாச்சி அதை மண்டியில் லட்சுமி படம் போட்ட காலண்டருக்குப் பக்கத்தில் ஆணியடித்து மாட்டினார். விற்பனை வரி அதிகாரி வரும்போதெல்லாம் அதைக் காட்டி, “சர்வதேச கோர்ட்டுல இருந்து வந்தது” என்பார். அந்த அட்டையால் பயன்பெற்ற ஒரே ஆள் அவர்தான்.

எங்கள் கோஷ்டி படிப்பை முடித்ததும் இதழும் முடிந்தது. அமெரிக்க மாணவர் இதழ்கள் நூறு வருடம் தாண்டி நிற்பதற்குக் காரணம் மாணவர்களின் மேதைமை இல்லை என்பது அப்போதுதான் விளங்கியது. ஆசிரியர் குழு வருடந்தோறும் மாறினாலும் அறை, பணம், சந்தா, அலமாரிச் சாவி எல்லாம் இதழோடு அங்கேயே இருக்கும். எங்கள் இதழைத் தாங்கிக்கொண்டிருந்தது ஒரு மண்டி. நண்பன் போனால் மச்சும் போய்விடும். போயிற்று. ஒருவன் வளைகுடாவுக்கு, ஒருவன் வங்கிக்கு, ஒருவன் தலைமைச் செயலகத்துக்கு. நான் வஞ்சியூர் நீதிமன்றத்துக்குப் போய்க் கேரளக் கட்டட வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1965-ன் பதினோராம் பிரிவில் குடியேறினேன். சொந்தத் தேவைக்கு வேண்டும், வாடகை பாக்கி, உள்வாடகைக்கு விட்டார்: இந்த மூன்று வாக்கியங்களில் ஒரு மனிதன் மகளுக்குக் கல்யாணம் செய்துவைத்துவிட முடியும்.

2012 பிப்ரவரி 15-ஆம் தேதி ‘என்ரிகா லெக்ஸி’ என்ற இத்தாலிய எண்ணெய்க் கப்பலில் காவலிருந்த கடற்படை வீரர்கள், கடற்கொள்ளையர் என்று நினைத்து ‘செயின்ட் ஆன்டணி’ என்ற மீன்பிடிப் படகைச் சுட்டார்கள். இரண்டு பேர் செத்துப்போனார்கள். ஒருவர் கொல்லத்துக்காரர், மற்றவர் கன்னியாகுமரி மாவட்டம் பூத்துறை இளைஞர். இடம் கரையிலிருந்து சுமார் 20.5 நாட்டிகல் மைல். கைதான இரண்டு வீரர்களையும் கொஞ்ச நாள் பூஜப்புரை மத்தியச் சிறையில் வைத்திருந்தார்கள். ஆரியசாலையிலிருந்து ஆட்டோவில் கால்மணி நேரம்.

திடீரென்று சாலையில் எல்லோரும் நாட்டிகல் மைலில் பேச ஆரம்பித்தார்கள். டீக்கடையில் ஒருவர் ஒட்டுமண்டலம் என்றார். என்னிடம் கடையைக் காலிசெய்யும் வழக்கு நடத்திக்கொண்டிருந்த ஒரு ஜவுளிக்கடைக்காரர், தன் வழக்கை மறந்துவிட்டுக் கேட்டார்: “வக்கீல் சாரே, இருபது மைலுக்கு அப்பால நம்ம போலீசுக்கு அதிகாரம் உண்டா?” மச்சை விட்டு இறங்கியதிலிருந்து யாரும் என்னிடம் கேட்காத கேள்வி. நான் உற்சாகத்தில் 12, 24, 200 என்று வரிசையாக விளக்கி, கேரளப் போலீசுக்கு 12-க்கு அப்பால் அதிகாரம் இருப்பது சந்தேகம் என்றேன். அவருக்குப் பிடிக்கவில்லை. அடுத்த வாய்தாவுக்கு வேறு வக்கீல் வைத்துக்கொண்டார். 2013 ஜனவரி 18-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் கேரளத்துக்கு அதிகாரம் இல்லை, மத்திய அரசுக்குத்தான் என்று சொன்னபோது அவரைத் தேடிப்போய்ச் சொல்ல நினைத்தேன். அவர் கடையும் அதற்குள் காலியாகியிருந்தது.

பிறகு வழக்கு ஹாம்பர்க்கிலுள்ள கடல் சட்டத் தீர்ப்பாயத்துக்குப் போய், அங்கிருந்து தி ஹேக் போயிற்று. நடுவர் மன்றம் 2020 மே மாதம் தீர்ப்பளித்தது. வீரர்களுக்கு விலக்குரிமை உண்டு, இந்தியா அவர்களை விசாரிக்க முடியாது என்பது மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில்; ஆனால் படகின் கடற்பயணச் சுதந்திரத்தை இத்தாலி மீறியது, இழப்பீடு தர வேண்டும். இத்தாலி 10 கோடி ரூபாய் கட்டியது. 2021 ஜூனில் உச்ச நீதிமன்றம் அதைப் பிரித்தது: இறந்தவர் குடும்பங்களுக்கு 4 கோடி வீதம், படகின் சொந்தக்காரருக்கு 2 கோடி. வழக்கு முடிந்தது.

முடியாதது கட்டுரைகள். துப்பாக்கியால் சுட்டது உடன்படிக்கையின் 97-ஆவது பிரிவில் சொல்கிற ‘கப்பலோட்டம் சார்ந்த சம்பவம்’ ஆகுமா, சரக்குக் கப்பலில் நின்ற சிப்பாய்க்கு அரசின் விலக்குரிமை பொருந்துமா என்று உலகமெங்கும் மாணவர் இதழ்களில் எழுதிக் குவித்தார்கள். கிடைத்ததையெல்லாம் தேடிப் படித்தேன். நல்ல கட்டுரைகள், நாங்கள் எழுதியதைவிட நூறு மடங்கு நல்லவை. பூத்துறை எந்தப் பக்கம் இருக்கிறது என்று சொன்னது எதுவும் என் கண்ணில் படவில்லை. அங்கேயும் அண்ணாச்சி மாதிரி ஒருவரிடம் யாராவது வாசித்துக் காட்டியிருக்கலாம்.

இப்போது வீட்டில் என் மருமகள் இருக்கிறாள், தங்கை மகள். வெளிமாநிலத்துத் தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் ஒன்றில் நான்காம் வருடம். அங்கே மாணவர்கள் நடத்துகிற சர்வதேசச் சட்ட ஆய்விதழ் ஒன்றுக்கு இவள் ஆசிரியர் குழுவில் இருக்கிறாள். இப்போது இதெல்லாம் அதிசயமில்லை. பாலைவன ஓரத்து ஜோத்பூரில் மாணவர்கள் 2009-லிருந்து உலக வர்த்தகச் சட்டத்துக்கென்றே ‘டிரேட், லா அண்ட் டெவலப்மென்ட்’ என்று இதழ் நடத்துகிறார்கள், வெளிநாட்டு அறிஞர்களெல்லாம் எழுதுகிறார்கள். சர்வதேச வர்த்தகம் பேசத் துறைமுகம் வேண்டியதில்லை என்று காட்டிவிட்டார்கள். மண்டிகூட வேண்டியதில்லை.

இவளுடைய இதழின் ஆசிரியர் குழுப் பட்டியல் ஒரு பக்கத்துக்கு வருகிறது. தலைமை ஆசிரியர், நிர்வாக ஆசிரியர், உள்ளடக்க ஆசிரியர், மேற்கோள் ஆசிரியர், துணை மேற்கோள் ஆசிரியர். உள்ளே நுழையத் தேர்வு, நேர்காணல். வேலைக்கு விண்ணப்பிக்கும்போது இந்தப் பதவி கணக்கில் வருமாம். எங்களில் யாருக்கும் பதவி இல்லை. தும்மாதவன் தட்டச்சாளன், அவ்வளவுதான்.

விடுமுறைக்கு வந்தால் ராத்திரி ஒரு மணிக்கும் கூடத்தில் மடிக்கணினி வெளிச்சம் இருக்கும். என்ன செய்கிறாள் என்று எட்டிப்பார்த்தேன். அடிக்குறிப்பு. மேற்கோள் போடுவதற்கு அமெரிக்க மாணவர் இதழ்கள் 1926-ல் ஒரு விதிப்புத்தகம் தொடங்கின. புளூபுக் என்று பெயர். முதல் பதிப்பு 26 பக்கம். பிற்பாடு அது 500 பக்கத்தையும் தாண்டியது. இவளும் இவளுடைய டெல்லித் தோழியும் அந்த நேரத்தில் ஒரு காற்புள்ளியைப் பற்றி வழக்காடிக்கொண்டிருந்தார்கள்: அது சாய்வெழுத்துக் காற்புள்ளியா, நேரெழுத்துக் காற்புள்ளியா? புத்தகத்தில் இதற்கு விதி இருக்கிறது. சாய்ந்த சொற்களுக்குள் அகப்பட்டால் அதுவும் சாய வேண்டும். வெளியே நின்றால் நேராக நிற்க வேண்டும். திரையைப் பெரிதாக்கி, இன்னும் பெரிதாக்கி, பயறு அளவுக்குக் காற்புள்ளியை வளர்த்து இரண்டு பேரும் பார்த்தார்கள்.

“இதை யாரு மக்களே பாக்கப் போறாங்க?”

“அடுத்த வருசத்து மேற்கோள் ஆசிரியர் பாப்பாங்க மாமா.”

சிரிக்கலாம். ஆனால் அந்தக் காற்புள்ளியைத் துரத்திக்கொண்டு போனவள், வழியில் ஒரு தீர்ப்பின் மூலப் பக்கத்தைத் திறந்து, கட்டுரையாளர் சொன்னது அதில் இல்லை என்பதையும் கண்டுபிடித்தாள். தீர்ப்பில் இருந்தது நேர்மாறு. எழுதியவர் பெயர் இவர்களுக்குத் தெரியாது. பெயரை நீக்கிவிட்டுத்தான் படிக்கத் தருவார்கள். நல்ல ஏற்பாடு. எங்கள் காலத்தில் பெயரைப் பார்த்ததும் ஊர், ஊரைப் பார்த்ததும் சாதி, சாதியைப் பார்த்ததும் கட்டுரையின் தரம் என்று முடிவுகட்டுகிற பெரியவர்கள் இருந்தார்கள். இவளிடம் அந்தக் கதை செல்லாது.

“யாருன்னு தெரியாது மாமா. ஆனா மூணாவது அடிக்குறிப்புல ‘எனது முந்தைய கட்டுரையைக் காண்க’ன்னு பேரும் வருசமும் போட்டிருக்காங்க.”

“அப்ப தெரிஞ்சு போச்சே.”

“நாங்க அந்தக் குறிப்பை மட்டும் படிக்கல.”

பேராசிரியர்தான். மாணவி திருப்பி அனுப்பினாள். மிகப் பணிவான கடிதம்; எங்கள் கனவு மடிக்கணினியில் நிறைவேறியதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். அந்தப் பேராசிரியர் மேலும் எனக்கு வருத்தம்தான். 2010-லிருந்து பதவி உயர்வுக்கு இத்தனை கட்டுரை, இத்தனை புள்ளி என்று பல்கலைக்கழக மானியக் குழு கணக்கு வைத்தது. அந்தக் கணக்கை நம்பியே ஆயிரம் இதழ்கள் முளைத்தன. பணம் கட்டினால் கட்டுரை வரும், இணை ஆசிரியருக்குத் தனிக் கட்டணம், கூடவே சான்றிதழ். முகப்பில் பெரிதாக ஐ.எஸ்.எஸ்.என். எண். அந்த எண் கேட்டால் இலவசமாகவே கிடைக்கும். அது தொடர் வெளியீட்டின் அடையாள எண்ணே தவிரத் தர முத்திரை இல்லை. பொய் இதழ்களை வடிகட்ட மானியக் குழு கேர் என்று ஒரு பட்டியல் போட்டது. 2025 தொடக்கத்தில் அந்தப் பட்டியலையே கைவிட்டது. யேல் பல்கலைக்கழகத்து ஃபிரெட் ரோடெல் என்ற பேராசிரியர் 1936-லேயே சட்ட இதழ்களின் நடையையும் சரக்கையும் சேர்த்துத் திட்டி, இனி இவற்றில் எழுதுவதில்லை என்று ஒரு கட்டுரை எழுதினார். அதையும் ஒரு மாணவர் இதழ்தான் வெளியிட்டது.

2025 மே 2-ஆம் தேதி விழிஞ்ஞம் துறைமுகம் முறைப்படி தொடங்கப்பட்டது. அந்த மாதமே அங்கிருந்து கொச்சிக்குப் புறப்பட்ட ‘எம்.எஸ்.சி. எல்சா 3’ என்ற சரக்குக் கப்பல் சாய்ந்து, 25-ஆம் தேதி மூழ்கியது. 600-க்கு மேற்பட்ட கன்டெய்னர்கள். வெள்ளைப் பாசிமணி போலப் பிளாஸ்டிக் குருணை மூட்டை மூட்டையாகக் கொச்சுவேளி வரை ஒதுங்கியது. மணலிலிருந்து அதைச் சல்லடை போட்டுப் பிரித்தார்கள். மீன் வாங்க ஆளில்லை. கேரள அரசு 9,531 கோடி ரூபாய் இழப்பீடு கேட்டு உயர் நீதிமன்றம் போனது. மூழ்கிய கப்பலைப் பிடிக்க முடியாதே. ஆகவே அதே குழுமத்தின் ‘எம்.எஸ்.சி. அகிடெட்டா 2’ விழிஞ்ஞத்தில் நின்றபோது அதைக் கைது செய்ய நீதிமன்றம் உத்தரவிட்டது. கப்பலைக் கைது செய்யலாம் என்பது சாலைக்காரர்களுக்கு மிகவும் பிடித்துப்போன சட்டம். வாடகை பாக்கி வைத்தவனின் மைத்துனன் கடையை இப்படிப் பிடிக்க முடியுமா என்று என்னிடம் ஒருவர் கேட்டார்.

எல்சா 3 பறக்கவிட்டது லைபீரியக் கொடி. லைபீரியக் கொடியின் பதிவேட்டை நடத்துகிற நிறுவனம் இருப்பதோ அமெரிக்காவின் வர்ஜீனியாவில்.

மருமகளின் இதழ் அடுத்த தொகுதிக்குக் கடல் பற்றிக் கட்டுரை கேட்டிருந்தது. அழைப்பிதழில் ‘மானுட யுகத்தில் பெருங்கடல் ஆளுகை’ என்று ஏதோ இருந்தது; குருணை இல்லை. நான் கேட்டதற்கு, ஆய்வுகள் வர இரண்டு வருடமாவது ஆகும் என்றாள். பிறகு என்ன நினைத்தாளோ, கொடியைப் பற்றித் தானே ஒரு சிறு குறிப்பு எழுத உட்கார்ந்தாள். கொச்சுவேளிக்குப் போய் மீனவர்களிடம் பேசிவிட்டும் வந்தாள். அதில் எனக்குப் பங்கில்லை. அவள் அம்மா மீன் வாங்கப் போனபோது கூடப் போனாளாம்.

என் பழைய கட்டுரையைப் பரணிலிருந்து எடுத்துக் கேட்டதும் அவள்தான். பெருமையாக இருந்தது. மேற்கோள் காட்டப் போகிறாளாம். புளூபுக்கில் எந்த விதியில் போடுவது என்று தேடினார்கள். அச்சு இதழ் இல்லை, பதிப்பகம் இல்லை, எண் இல்லை, எந்த நூலகப் பட்டியலிலும் பெயர் இல்லை. தி ஹேக் நூலகத்து அட்டையைப் பற்றிச் சொன்னேன். அட்டை அண்ணாச்சி காலத்தோடு போயிற்று. கடைசியில், வெளியிடப்படாத கையெழுத்துப் பிரதி, ஆசிரியர் வசம் உள்ளது என்று போடுவதாக முடிவாயிற்று. வெளியிட்டோமே என்றேன்.

“தனிச்சுற்றுன்னா வெளியீடு இல்ல மாமா. நீங்களே அட்டையில போட்டிருக்கீங்க.”

மிச்சமிருந்தது பக்க எண். நான் எழுதிய பக்கத்தின் அடியில் மை பரவி, 11-ஆ 17-ஆ என்று தெரியவில்லை. முன்பக்கம் பின்பக்கம் வைத்து எண்ணிப்பார்க்கலாம் என்றால் நடுவில் சில தாள்களைப் பூச்சி தின்றிருந்தது. டெல்லித் தோழிக்குப் படம் எடுத்து அனுப்பினாள். பெரிதாக்கிப் பார்த்துவிட்டு அந்தப் பெண் கேட்டிருக்கிறாள், பக்க எண் இருக்கட்டும், பிரிவு 51 ஏன் இப்படிச் சாய்வெழுத்தில் இருக்கிறது, மூலத்தில் உள்ளபடி என்று குறிப்பு சேர்க்க வேண்டுமா என்று.